கல்லறை வாசலில் சபை பார்க்காதீர்கள்: தமிழகத் திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆயர்களே, பேராயர்களே, பங்குத்தந்தையரே, சேகரத் தலைவர்களே, பாஸ்டர் ஐயாமாரே, சேகரக் கமிட்டிகளிலும் பங்குப் பேரவைகளிலும் இருக்கிற பெரியவர்களே,

கிறிஸ்துவுக்குள் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாக வந்து பேசினால், "எங்களுக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, அந்தப் பக்கத்துக்காரர்கள்தான் இறங்கி வரமாட்டார்கள்" என்கிறீர்கள். அந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் இதே பதில்தான். அதனால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக் கொடுக்கிறேன். என் அம்மா கடற்கரை ஊர் ஒன்றில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். தென்மாவட்டங்களில் இது அபூர்வமான குடும்பம் இல்லை. ஒரு வீட்டுச் சுவரில் மாதா படமும் வசன காலண்டரும் அடுத்தடுத்துத் தொங்குவதை நீங்களும் வீடு சந்திக்கப் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஒரே பானையில் சோறு சாப்பிட்டு, ஒருவர் ஜெபத்துக்கு மற்றவர் ஆமென் சொல்லித்தான் நாங்கள் வாழ்கிறோம். பிறப்பு, கல்யாணம், சாவு என்று ஏதாவது ஒன்று வந்து, உங்கள் கையெழுத்து தேவைப்படுகிற நாளில்தான் நாங்கள் வெவ்வேறு சபைக்காரர்கள் என்பது எங்களுக்கே உறைக்கிறது.

எல்லாச் சபைகளையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நற்கருணையை எல்லாரும் ஒரே பீடத்தில் வாங்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அதில் இருக்கிற கேள்விகள் கனமானவை, உங்களில் படித்தவர்கள் அதைப் பேசிக்கொண்டே இருங்கள். மாதா வணக்கம், ஆவியில் நிறைந்து அந்நிய பாஷையில் ஜெபிப்பது, குருத்துவம் பற்றியெல்லாம் இருக்கிற வேறுபாடுகள் சின்னவை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. ஜனங்கள் அவற்றுக்காக உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்பது அடக்கம், ஞானஸ்நானம், கல்யாணம் ஆகிய காரியங்களைப் பற்றி மட்டும்தான். அதிலும் அடக்கத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டையும் தள்ளிப்போடலாம், பிரேதத்தைத் தள்ளிப்போட முடியாது.

என் அத்தை, அப்பாவின் அக்கா, எங்கள் ஊர்க் கோவிலில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர். அங்கேயே திடப்படுத்தல், அங்கேயே கல்யாணம். வருஷா வருஷம் சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முதல் ஆளாக வந்து காய் வெட்ட உட்காருவார். மாமா இறந்த பிறகு, பக்கத்தில் ஒரு வாடகை ஹாலில் நடந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே அவருக்கு ஆறுதல் கிடைத்தது. சில வருஷம் கழித்து முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டார். அப்படியும் ஊர்க்கோவிலை அவர் விடவில்லை. ஞாயிறு காலை ஆராதனைக்கு இங்கே வருவார், மாலைக் கூட்டத்துக்கு அங்கே போவார். சங்கக் காணிக்கையும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அவர் இறந்தபோது சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. "மறுஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு நம்ம தோட்டத்துல இடம் கிடையாதும்மா, அவங்க பாஸ்டர்கிட்டயே கேளுங்க" என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். கோவில் மணியும் அடிக்கவில்லை. அந்தப் பாஸ்டரிடம் போனால் அவரும் பாவம், ஹாலுக்கே வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவர், கல்லறை நிலத்துக்கு எங்கே போவார்? அத்தை ஐஸ் பெட்டியில் கிடக்க, என் அண்ணன்மார் வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருக் கத்தோலிக்கப் பங்கிலிருந்து ஃபாதர் வந்தார், உட்கார்ந்து ஜெபம் பண்ணினார், வந்தவர்களுக்கு அந்தப் பங்குப் பெண்கள் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் நகராட்சியின் பொது மயானத்தில் அடக்கம் நடந்தது. மாமா எங்கள் சபைத் தோட்டத்தில் இருக்கிறார், அத்தை வேறொரு மூலையில் இருக்கிறார்.

யாரையும் அடையாளம் காட்டிக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கமிட்டியில் இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்களும் இல்லை. அவர்களில் ஒருவர் மறுநாள் வீட்டுக்கு வந்து அழுதார். "ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா அப்புறம் எல்லாரும் போயிருவாங்க" என்ற பயம்தான் அவர்களை நடத்தியது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சபையைவிட்டு ஆட்கள் போவது ஏன் என்று உயிரோடு இருக்கும்போது உட்கார்ந்து பேச வேண்டியதை, செத்த பிறகு பிரேதத்தின்மேல் தீர்த்துக்கொள்வது நியாயமா? அத்தை என்ன தேடி அந்த ஹாலுக்குப் போனார் என்று எங்கள் சபையில் யாரும் அவரிடம் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தார் பகுதியில் ஒரு போதகர் இறந்தபோது நடந்ததை நாமெல்லாம் வேதனையோடு வாசித்தோம். சொந்த ஊரில் புதைக்க விடவில்லை. உடல் வாரக்கணக்கில் பிணவறையில் கிடந்தது. மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜனவரி 27 அன்று இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, கடைசியில் வேறு ஊரிலுள்ள கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்யச் சொன்னார்கள். அந்தச் செய்திக்காக நம் சபைகள் எல்லாவற்றிலும் ஜெபம் நடந்தது. எங்கள் சபையிலும்தான். மற்றவர்கள் நமக்கு மண் மறுக்கும்போது நாம் நீதி கேட்கிறோம், அது சரிதான். அதே மண்ணை நாமே நம்மவர்களுக்கு மறுத்துவிட்டு எந்த முகத்தோடு அந்த நீதியைக் கேட்பது?

ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். சாராள் இறந்தபோது ஆபிரகாமுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லை. ஏத்தின் புத்திரரிடம் போய் நிற்கிறார். அவர்கள் ஆபிரகாமின் தேவனை வணங்கினவர்கள் அல்ல. எங்கள் கல்லறைகளில் சிறந்ததில் அடக்கம் பண்ணும், எங்களில் யாரும் தடுக்கமாட்டோம் என்று சொன்னார்கள். நம் ஆண்டவரையே அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்கென்று வெட்டி வைத்திருந்த கல்லறையில்தான் அடக்கம் பண்ணினார்கள். சொந்தக் கல்லறை இல்லாமல் போனவரைக் கும்பிடுகிற நாம், கல்லறை வாசலில் நின்று அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்லாதீர்கள். கத்தோலிக்க ஆயர்களே, உங்கள் திருச்சபைச் சட்டத்தின் 1183-ஆம் எண்ணிலேயே, வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு அவருடைய சொந்தப் போதகர் கிடைக்காதபோது, அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால், ஆயரின் அனுமதியோடு உங்கள் முறைப்படியே அடக்கம் நடத்தலாம் என்று இருக்கிறது. 1993-இல் ரோமாபுரி வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு வழிகாட்டி இன்னும் ஒரு படி போகிறது. சொந்த இடமில்லாத சபையார் உங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் முறைப்படி அடக்கம் செய்ய ஆயர் அனுமதி கொடுக்கலாம் என்கிறது. இது எத்தனை பங்குகளில் சொல்லப்பட்டிருக்கிறது? சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறையில் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் ஒரே மதிலுக்குள் தூங்குகிறார்கள். அதனால் அங்கே யாருடைய விசுவாசமும் கெட்டுப்போகவில்லை. நகரத்தில் இடநெருக்கடி நம்மைச் சேர்த்துவைத்தது. கிராமத்தில் அன்பு சேர்த்துவைக்கட்டுமே.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைப் பெரியவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒரு தீர்மானம். ஒருகாலத்தில் உங்கள் சபையில் பெயர் இருந்தவர், அல்லது உங்கள் அங்கத்தினரின் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை, எந்தச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தாலும் அடக்கத்துக்கு இடம் உண்டு என்று எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் அந்தந்த நேரத்துக் கமிட்டியின் மனநிலைதான் சட்டமாகிவிடும். பெந்தெகொஸ்தே, தனிச்சபைப் பாஸ்டர்மாரே, உங்கள் பங்கும் இதில் உண்டு. தோட்டத்தைச் சுற்றி மதில் கட்டவும், முள் வெட்டவும், காவல்காரர் சம்பளத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். சாவு விழுந்தவுடன் மட்டும் வந்து நிற்காமல், வருஷத்துக்கு இவ்வளவு என்று அந்தப் பராமரிப்பில் நீங்களும் கை கொடுத்தால் பாதி மனக்கசப்பு தீர்ந்துவிடும்.

அடுத்து ஞானஸ்நானம். இதில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆகிய மூவருக்கும் உண்மையில் சண்டையே இல்லை என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1982-இல் பெரு நாட்டின் லீமாவில், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாச ஆணையம் ஓர் ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்க இறையியலாளர்களும் அந்த ஆணையத்தில் இருந்தார்கள். ஞானஸ்நானம் திரும்பச் செய்ய முடியாத செயல், மறுபடி கொடுப்பதுபோல் தோன்றுகிற எதையும் தவிர்க்க வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. கத்தோலிக்கச் சட்டத்தின் 869-ஆம் எண்ணும், கனமான காரணமில்லாமல் மற்றச் சபையில் பெற்ற ஞானஸ்நானத்தைச் சந்தேகப்படக் கூடாது என்கிறது. 325-இல் நிசேயாவில் தொடங்கி 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் நிறைவான விசுவாச அறிக்கையை நீங்கள் எல்லாரும் பீடத்தின் முன் நின்று சொல்கிறீர்கள். ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறோம் என்ற வரி அதில் இருக்கிறது.

ஜெர்மனியில் 2007 ஏப்ரல் 29 அன்று மக்டபர்க் பேராலயத்தில் கத்தோலிக்கர், லுத்தரன் உள்ளிட்ட சீர்திருத்தச் சபையார், கீழை மரபுச் சபைகள் என்று 11 சபைகள் சேர்ந்து, ஒருவர் ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டன. அந்த நாட்டில்தான் சீர்திருத்தமே தொடங்கியது, மதத்தின் பேரால் முப்பதாண்டுப் போர் நடந்ததும் அந்த மண்ணில்தான். அந்த மக்டபர்க் நகரமே 1631-இல் அந்தப் போரில் சூறையாடப்பட்டு எரிந்தது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? நமக்குள் அப்படியொரு இரத்தக்கணக்கு எதுவுமே இல்லையே.

பாஸ்டர்மாரே, உங்களிடம் இதை நான் வேறு விதமாகப் பேச வேண்டும். குழந்தைக்குத் தெளிப்பது ஞானஸ்நானமே அல்ல, விசுவாசித்தவன் முழுகுவதுதான் ஞானஸ்நானம் என்பது உங்கள் மனச்சாட்சி. அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. 1970-இல் நாகபுரியில் உருவான வட இந்தியத் திருச்சபையில் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கிற ஆங்கிலிக்கன்களும், அதை ஏற்காத பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். இரண்டு முறைக்கும் ஒரே சபையில் இடம் வைத்தார்கள். அதையும் நான் உங்கள்மேல் சுமத்தவில்லை. ஆனால் இரண்டு காரியம் கேட்கிறேன். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டாருக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுக்காதீர்கள். அதனால் வீட்டுக்குள் விழுகிற விரிசலை நீங்கள் பார்ப்பதில்லை, நாங்கள் பார்க்கிறோம். இன்னொன்று, மேடையில் நின்று "பாரம்பரியச் சபையில் இரட்சிப்பே கிடையாது" என்று பேசுவதை விடுங்கள். உங்கள் முன்னால் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு முழங்காலில் நின்று ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாரம்பரியச் சபையில் இருந்த அம்மாமார்தான்.

மற்றவர்களும் இதைக் கேளுங்கள். உங்கள் சபையிலிருந்து ஒரு வாலிபன் முழுக்கு எடுத்தான் என்று தெரிந்தவுடன் பெயரை வெட்டி, திருவிருந்தை (நற்கருணையை) நிறுத்துவதுதான் உங்கள் முதல் வேலையாக இருக்கிறது. அவனைக் கூப்பிட்டுப் பேசுவது முதல் வேலையாக இருக்கட்டும்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். சாதியைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே சாதியாக இருந்தால், கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்ற பேதமெல்லாம் ஒரு வாரத்தில் பேசித் தீர்ந்துவிடுகிறது. யாராவது ஒருவர் சபை மாறிக்கொள்கிறார், காகிதம் வந்துவிடுகிறது, ஓலையும், அதாவது கல்யாண அறிவிப்பும், வாசித்துவிடுகிறார்கள். அதே ஒரே சபையில், ஒரே பாடகர் குழுவில் பாடுகிற இரண்டு பேர் வேறு வேறு சாதியாக இருந்தால், ஒரே ஞானஸ்நானமும் ஒரே திருவிருந்தும் அவர்களுக்கு உதவுவதில்லை. சபை வேற்றுமை நம்மைப் பிரிக்கிறது என்று மேடையில் பேசுகிறோம். அதைவிட ஆழமாகப் பிரிப்பது எது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரியும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவர் நாடறிந்தது. அது ஒரே சபைக்காரர்களுக்கு நடுவே எழுந்த சுவர்.

2013-ஆம் ஆண்டு கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரத்துக்கு உலகம் முழுவதும் பயன்பட்ட ஜெபங்களை எழுதிக்கொடுத்தது இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம். கத்தோலிக்கப் பல்கலை மாணவர் கூட்டமைப்பும் தேசியத் திருச்சபைகள் பேரவையும் அதில் துணை நின்றன. மீகா 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, தலித் மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியைத் தொடாமல் சபை ஒற்றுமையைப் பேச முடியாது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள் எழுதிய அந்த ஜெபத்தை நம் ஊரில் எத்தனை கோவில்களில் வாசித்தோம்?

கலப்புச் சபைக் கல்யாணத்தில் நான் கேட்பது இவ்வளவுதான். சபை மாறினால்தான் தாலி என்று யாரையும், முக்கியமாகப் பெண்ணை, நெருக்காதீர்கள். பெரும்பாலும் மாறச் சொல்லப்படுகிறவள் பெண்தான். இருபத்தைந்து வயது வரை அவள் பாடிய பாட்டு, அவள் ஜெபித்த முறை, அவளுடைய ஞானத்தாய் எல்லாவற்றையும் ஒரு கையெழுத்தில் விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். கத்தோலிக்கச் சட்டப்படி ஆயரின் அனுமதியோடு இருவரும் அவரவர் சபையிலேயே இருந்து மணம் செய்துகொள்ளலாம். மண ஒப்புதலை ஒருவர்தான் கேட்க வேண்டும், இன்னொரு சபைப் போதகர் வேதம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம், மணமக்களை ஆசீர்வதிக்கலாம். பல குடும்பங்களுக்கு இந்த வழி இருப்பதே தெரியாது, சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்கத்தில் வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு கொடுக்கிற வாக்குறுதி மற்றத் தரப்புக்கு வலிக்கிறது என்பதும் உண்மை. அதை மறைக்காமல் ஃபாதரும் ஐயரும் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) இரண்டு வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்து, கல்யாணத்துக்கு முன்பே பேசட்டும். பேசாமல் விட்டது முதல் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று வெடிக்கிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா, காலம் எடுக்கும் என்பீர்கள். நம் முன்னோர் செய்ததை உங்களுக்கு நினைப்பூட்ட வேண்டியிருக்கிறது. 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் முப்பதுக்கும் மேற்பட்ட சபை ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா. இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை வெளியிலிருந்து எங்கள்மேல் வைக்கப்பட்டவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை என்று அவர்கள் எழுதி வைத்தார்கள். அடிமை நாட்டில், சம்பளம் மிஷன் கையில் இருந்த காலத்தில், இப்படி எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அசரியா தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா என்று இரண்டு தலித் சாதிகளாகப் பிரிந்து கிடந்தவர்களை ஒரே சபையில் உட்காரவைக்கப் பாடுபட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சபை ஒற்றுமையும் சாதி ஒழிப்பும் அவருக்கு இரண்டு தனி வேலைகளாக இருக்கவில்லை.

அதற்குப் பிறகு 28 வருஷம் பேசினார்கள். பேராயர் வேண்டுமா வேண்டாமா, பழைய குருப்பட்டம் செல்லுமா என்று ஒவ்வொன்றிலும் முட்டிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அதற்கு முன்பே பிரெஸ்பிடேரியன்களும் காங்கிரகேஷனல் சபையாரும் சேர்ந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாகி, இன்றைய சி.எஸ்.ஐ. உருவானது. கடல் தாண்டி யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயமாகச் சேர்ந்தது. அசரியா அந்த நாளைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1 அன்றே இறந்துவிட்டார். லுத்தரன் சபை வெளியே நின்றது, பிறகு நடந்த பேச்சும் இணைப்பில் முடியவில்லை. அப்படியும் 1969-இல் மதுரை அரசரடியில் ஊழியர்களைச் சேர்ந்து பயிற்றுவிக்க இரு தரப்புக்கும் முடிந்தது. 1995-இல் கத்தோலிக்க அறிஞர்களும் மற்றச் சபை அறிஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்து வேதத்தின் பொது மொழிபெயர்ப்பைக் கொடுத்தார்கள். 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் இழந்த உரிமைக்காக ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடியோடு சேர்ந்து நிற்கிறீர்கள். உலக அளவில் 1999-இல், மார்ட்டின் லுத்தர் காலத்தில் சபை உடைந்ததற்குக் காரணமாயிருந்த நீதிமானாக்கப்படுதல் (மனிதன் தேவனுக்கு முன் எப்படி நீதிமானாகிறான் என்பது) பற்றிய போதனையிலேயே கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஆக்ஸ்பர்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பிற்பாடு மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், சீர்திருத்தச் சபையாரும் அதை ஏற்றார்கள். அவ்வளவு பெரிய போதனையில் கை கோர்க்க முடிந்தவர்கள், ஆறடி மண்ணுக்கு மட்டும் முடியாது என்று சொன்னால் நாங்கள் எப்படி நம்புவது?

என் கவலை வேறொன்றும் உண்டு. அன்று முன்னோர் மறுத்தது வெளியிலிருந்து வந்த பிரிவினையை. இன்று நாம் உண்டாக்குகிற பிரிவினைகளை எந்த மிஷனரிமேலும் போட முடியாது. பேராயத் தேர்தல் வழக்குகள் நீதிமன்றங்களில் வருஷக்கணக்கில் இழுக்கின்றன. ஒரு பாஸ்டருக்கும் உதவி ஊழியருக்கும் மனஸ்தாபம் வந்தால் அடுத்த மாதம் அதே தெருவில் இன்னொரு போர்டு தொங்குகிறது. என்னிடம் வேதபாடம் படிக்கிற பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். "டீச்சர், பரலோகத்துல எந்தச் சபை?" என்று ஒரு பையன் கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, அவனுடைய பாட்டி ஒரு சபை, அம்மா இன்னொரு சபை.

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரம். பல ஊர்களில் அந்த வாரம் வருவதும் போவதும் தெரிவதில்லை. சில ஊர்களில் ஒரு மாலை கூடி, மூன்று பாட்டுப் பாடி, பொன்னாடை போர்த்திக் கலைகிறோம். வருகிற ஜனவரியில் அந்த மாலையை வேறு மாதிரி செலவிடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஃபாதரும் ஐயரும் பாஸ்டரும், ஆளுக்கு இரண்டு சபையாரைக் கூட்டிக்கொண்டு ஒரு அறையில் உட்காருங்கள். பெண்கள் கட்டாயம் இருக்கட்டும், சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் முதலில் போய் நிற்பவர்கள் அவர்கள்தான். தலித் சபையாரும் இருக்கட்டும். ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் யார் கையில் இருக்கின்றன, எவ்வளவு இடம் இருக்கிறது, யாருக்கு இடமில்லை என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். பிறகு, கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி இறந்த எவருக்கும் சபையின் பெயராலோ சாதியின் பெயராலோ இந்த ஊரில் மண் மறுக்கமாட்டோம் என்று ஒரு வரி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் பற்றி அன்றே முடிவு வராமல் போகலாம். அடுத்துக் கூடுகிற தேதியைக் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

அந்தத் தாளை அடுத்த ஞாயிறு எல்லாக் கோவில்களிலும் ஓலை வாசிக்கிற நேரத்தில் வாசியுங்கள். கையெழுத்துப் போட உங்களுக்கு மனமில்லை என்றால், அதற்கான காரணத்தையும் அதே நேரத்தில் சபையாருக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் ஜெபங்களில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சபை அங்கத்தினர்